முதுகுக்குக் கீழே

கிராம்புகள் ஷெட்டுக்குள் உறங்குகின்றன.
சுவருக்குச் சுவர் பாய், மூலையில் கரியடுப்பு,
ஈரம் பட்டால் பூத்துப்போகும் என்று
அவற்றுக்கு அத்தனை உபசாரம்.
காவல்காரர் நாங்கள் இருவர்
வெளியே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில்.

மாறாமலைத் தரையில் படுக்க முடியாது.
சுபின் நேற்று காலுறையைக் கழற்றி
ஏழு அட்டை எண்ணினான்.
எட்டாவதைக் காலையில்
காதுக்குப் பின்னால் கண்டுபிடித்தான்.
ஆகவே பழைய வலையை நாலாக மடித்து
இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு:
நாற்பத்தொரு வயதில்
நான் மறுபடியும் தொட்டிலில்.

முட்டத்துக்காரனுக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டாம்.
குளிரைப் பற்றித்தான்
யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

முதல் ராத்திரி மேலே மூன்று கம்பளி.
முகம் வரை மூடியும்
முதுகில் யாரோ ஐஸ்பெட்டியைத்
திறந்து வைத்திருந்தார்கள்.
மீனுக்கு ஐஸ் போடத் தெரிந்தவன் நான்.
அடியில் ஓர் அடுக்கு பரத்தாமல்
மேலே எத்தனை கொட்டினாலும்
கரை சேருமுன் அடிமீன் நாறும்.
ராத்திரி இரண்டு மணிக்கு அது புரிந்தது,
பற்கள் தட்டிக்கொண்டிருக்க:
என்னைத் தப்பாக அடுக்கியிருக்கிறேன்.

குளிர் வானத்திலிருந்து விழவில்லை.
தொங்கும் உடம்புக்கும் மண்ணுக்கும் நடுவே
ஓடைபோல் போய்க்கொண்டிருக்கிறது.
முதுகுக்கடியில் எதை விரித்தாலும்
என் கனத்தில் நசுங்கித் தாளாகிறது.
நசுங்கியதில் காற்றில்லை,
காற்றில்லாததில் சூடு குடியிருக்காது.

மறுநாள் இரண்டு உரச்சாக்கைப் பிரித்து
வலையூசியால் ஒன்றாகத் தைத்தேன்.
உள்ளே கிராம்பு இலை,
கரியடுப்பின் ஓரத்தில் வாட்டி
நொறுங்கும்வரை உலர்த்தியது.
அதைத் தொட்டிலுக்குள் அல்ல,
தொட்டிலுக்குக் கீழே,
தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டேன்.

'அண்ணே, வள்ளத்துக்கு ஜட்டி போட்டமாதிரி இருக்கு'
என்று சுபின் உருண்டு சிரித்தான்.
அடுத்த சாயங்காலம் ஒன்றும் பேசாமல்
இரண்டு சாக்கோடு வந்து நின்றான்.

மூன்றாம் வளைவுப் பாறையில் ஏறினால்
இரண்டு கோடு சிக்னல்.
'இங்க கொடி ஏத்தியிருக்கு, ஒருத்தரும் போகல்ல'
என்றாள் ஷைனி.
எஞ்சினை எப்போது திருப்புவோம் என்று
இரண்டுபேரும் கேட்டுக்கொள்ளவில்லை.
வைக்கப்போகும்போது சொன்னாள்:
'நனையாம இருங்க.'
இருபத்துமூன்று வருஷம் கடலுக்குப் போனவனிடம்
அவள் இதைச் சொன்னதே இல்லை.
அங்கே அது சொல்லக்கூடிய காரியமில்லை.

அன்றைக்கே மழை.
நீலத் தார்ப்பாய் ஒழுகவில்லை.
தண்ணீர் மரத்திலிருந்து இறங்கி
கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கள்ளன் மாதிரி,
தலைமாட்டு வழியாகவே உள்ளே வந்தது.
கழுத்தில் தொடங்கி இடுப்பில் குளம் கட்டிய பிறகுதான்
எழுந்து, டார்ச்சைக் கடித்துக்கொண்டு,
இரண்டு கயிற்றிலும்
ஒரு சாண் சிவப்பு நூல் கட்டினேன்.
உலர்ந்த சட்டை ஒன்று
பிளாஸ்டிக் கவரில் மிச்சமிருந்தது.
அந்தச் சட்டைக்குள் கை நுழைந்த அந்த நொடியை
யாருக்கும் விளக்க முடியாது.

இப்போது மூன்று மணி.
எங்கோ மிளா ஒன்று ஒரே தடவை கத்தி
நிறுத்திக்கொண்டது.
முதுகில் கிராம்பு வாசனையோடு ஒரு சூடு,
அரைத்தூக்கத்தில் சாய்ந்துகொண்ட ஆள் மாதிரி.
டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன்:
கயிற்றில் ஒரு துளி வருகிறது,
நூல் கட்டிய இடத்தில் நிற்கிறது,
வயிறு பெருக்கிறது,
என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
நூல்வழி இறங்கி மண்ணில் விழுகிறது.
அடுத்தது.

எல்லாம் சரி.
ஒரு மணி நேரமாக ஒன்றுக்கு முட்டுகிறது.
கீழே அட்டை, மேலே மழை,
நடுவில் இந்தச் சூடு.
இன்னும் பத்துத் துளி எண்ணலாம்.
பிறகு பார்க்கலாம்.